ஆடாத பிள்ளை

சட்டம் முட்டியில இடிக்குதா சார்? இருங்க, இப்படிச் சாய்ச்சுக்கிறேன். மேல வைங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. வச்சா அப்புறம் யாரு எங்க எறங்குறாங்க, எதத் தூக்கிட்டு எறங்குறாங்கன்னு நான் கழுத்த ஒடிச்சுக்கிட்டே வரணும். பழைய போட்டோவ எவன் தூக்கப்போறான்னு சிரிச்சாரு. சிரிக்கிறவங்களத்தான் நான் முதல்ல கவனிப்பேன்.

வத்தலக்குண்டுல ஏறும்போதே உங்களப் பாத்தேன். பேப்பர மடிச்சுக் கக்கத்துல வச்சிருந்தீங்க, படிக்கல. படிக்கிறதுக்கு இல்லன்னா எதுக்கு வாங்குனாருன்னு யோசிச்சேன். அப்புறம் அதாலயே சீட்டத் தொடச்சீங்க. சரி, பரவால்லன்னுதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க, நான் பாத்த வேலை அப்படி.

கரண்டு ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருசம். அதுல கடைசிப் பதினெட்டு வருசம் கரண்டுத் திருட்டப் பிடிக்கிற ஸ்குவாடு. பேரு கோட்டைச்சாமி. திண்டுக்கல் சுத்துவட்டாரத்துல கொக்கி போட்டவன் எவனக் கேட்டாலும் என் பேரச் சொல்லுவான். நான் வாயத் தொறந்து கேக்கவே மாட்டேன் சார். நீ திருடுறியான்னு கேட்டா எவன் ஆமான்னு சொல்லுவான்? வீட்டுக்குள்ள ஃபிரிட்ஜ் ஓடுது, வாசல்ல மீட்டர் ஓடல. அவ்வளவுதான், எனக்கு அது போதும். கேட்டா ஏமாத்துவாங்க, பாத்தா ஏமாத்த முடியாது. இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் வழிகூடக் கேட்டதில்ல. செம்பட்டி எப்ப வரும்னு உங்ககிட்ட கேட்டேனா? மைல்கல்லப் பாத்துக்கிட்டே வாரேன்.

அப்படிப் பாத்துப் பாத்துத்தான் சார் இந்தப் படத்துல விழுந்தேன். இந்தப் படத்தாலதான் கூடப் பொறந்த அக்காவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடாம விட்டேன். நம்ம பக்கந்தான் நீங்களும்? அப்ப உங்களுக்கு வெளக்க வேண்டியதில்ல. புருசன் செத்துப் பதினாறாம் நாளு, பொறந்த வீட்டுல இருந்து தம்பி சீலையக் கொண்டுபோய் அவ தோள்ல போர்த்தணும். உனக்கு நாங்க இருக்கோம்னு அர்த்தம். தம்பி கல்லுக் குண்டா நான் இருக்கையில, எங்கக்கா தோள்ல சீல விழல.

துண்ட எடுக்கிறேன், படத்தப் பாருங்க. பாத்துட்டு உடனே எதுவும் சொல்லாதீங்க.

மூணு பொம்பளைங்க. நடுவுல நாற்காலியில உக்காந்திருக்கிறது எங்கம்மா அங்கம்மா. இந்தப் பக்கம் நிக்கிறது அம்மாவோட தங்கச்சி, எங்க சின்னம்மா பெருமாயி. இன்னைக்கும் இருக்காங்க, நிலக்கோட்டையில, எம்பத்தேழு வயசு. அந்தப் பக்கம் மூக்குல பேசரி போட்டு மொறைக்கிறது எங்கப்பாவோட அக்கா குருவம்மா. இப்ப அம்மா மடியப் பாருங்க. ஒரு கைப்பிள்ள. சட்ட, தொப்பி, கன்னத்துல மைப்பொட்டு.

அந்தப் பிள்ளையக் கொஞ்சம் உத்துப் பாருங்க.

இந்த மூணு பேரு மொகமும் லேசாக் கலங்கியிருக்கா? சின்னம்மா கண்ணு ரெண்டா தெரியுதா? அந்தக் காலத்துக் கேமரா, கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும். மனுசன் மூச்சு விட்டாக்கூடப் படம் கலங்கும். ஆனா பிள்ள மட்டும் செதுக்குன மாதிரி இருக்கு. தொப்பியில இருக்கிற நூல எண்ணலாம். முன் சீட்டுல அந்தம்மா தோள்ல கெடக்கே ஒரு பிள்ள, அதப் பாருங்க. கம்பியப் பிடிக்குது, காத இழுக்குது, உங்களப் பாக்குது, என்னயப் பாக்குது. ஒரு நொடி சும்மா இருக்கா? உசுருள்ள பிள்ள ஆடும் சார். ஆடாத பிள்ள எது?

நீங்களே இப்ப ஒரு மாதிரி ஆயிட்டீங்க பாத்தீங்களா. நானும் அப்படித்தான் ஆனேன்.

இந்தப் படம் எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வீட்டுல தொங்குது. யார் வந்தாலும் எங்கக்கா கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டும், அம்மா மடியில இருக்கிறது நான்தான்னு. அம்மாவும் பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்லும். நான் அந்தப் படத்துல இல்ல. எங்கக்கா எனக்கு எட்டு வயசு மூப்பு, அதனால நான் இல்லன்னு விட்டுட்டேன். அம்பது வருசம் விட்டுட்டேன்.

எங்கம்மா போயி மூணு வருசமாச்சு. முதல் தெவசத்துக்கு வெள்ளையடிக்கப் படத்தக் கழட்டுனேன். கை தவறிக் கண்ணாடி போச்சு. கண்ணாடி இல்லாம அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்தப் பிள்ளைய நேருக்கு நேரா பாத்தேன். அந்தக் கண்ணு பாக்கவே இல்ல சார். தொறந்துதான் இருக்கு, ஆனா பாக்கல.

எங்க தாத்தா படம் ஒண்ணு உண்டு. செத்தப்புறம் நாற்காலியில உக்கார வச்சு, தாடைக்குக் கட்டுக் கட்டி, நெத்தியில காசு வச்சு எடுத்தது. உசுரோட இருக்கும்போது படம் எடுத்தா ஆயுசு கொறையும்னு அவரு கேமரா முன்னாடி வரவே இல்ல, அதனால செத்துத்தான் வந்தாரு. ஸ்டூடியோக்காரரு அந்தக் கட்டயும் காசயும் அழிச்சுட்டு, மூடுன கண்ணுமேல தொறந்த கண்ணு வரைஞ்சு குடுத்தாரு. அந்தத் தாத்தாவ நாங்க சின்னப் பிள்ளையில பாக்கவே பயப்படுவோம். அதே கண்ணு சார் இந்தப் பிள்ளைக்கும். வரைஞ்ச கண்ணு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

எம் மகன் போன்ல ஒரு வீடியோ காட்டுனான். வெள்ளக்காரங்களும் அந்தக் காலத்துல செத்த பிள்ளைங்கள மடியில வச்சுப் படம் எடுத்திருக்காங்க. உசுரோட இருக்கிற மாதிரியே சட்டயெல்லாம் போட்டு. தாயி அப்படியே உக்காந்திருக்கா. அந்தத் தாயி கையையும் எங்கம்மா கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். எங்கம்மா வெரலப் பாருங்க, பிள்ளையோட இடுப்புல எப்படிப் பதிஞ்சிருக்கு. நாளைக்கு இருக்கப்போற பிள்ளைய யாராவது அப்படி இறுக்கிப் பிடிப்பாங்களா?

படத்துக்குப் பின்னாடி மையில வருசம் எழுதியிருக்கு, 1954. எங்கக்காவோட பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டு எடுத்துப் பாத்தேன், 1955. பொறக்கறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே மடியில உக்காந்திருக்கு.

இப்பக் கணக்குப் போட்டேன். மடியில இருக்கிற பிள்ள செத்த பிள்ள. அந்தப் பிள்ள எங்கக்கான்னு எங்கம்மா வாயாலயே சொல்லியிருக்கு. அப்ப எங்கக்கா செத்துப்போச்சு. அப்ப வத்தலக்குண்டுல எங்கக்கான்னு இருக்கிறது யாரு?

சிரிக்காதீங்க சார். எம் பொண்டாட்டி இந்திராணியும் இப்படித்தான் சிரிச்சா. ரிட்டயர்டு ஆனவங்களுக்கு வர்ற வியாதின்னா. நான் அவளுக்கு ஒவ்வொண்ணா அடுக்குனேன். எங்க வீட்டுல எல்லாரும் செவப்பு, அக்கா மட்டும் கறுப்பு. கறுத்த பிள்ளைக்கு வெள்ளைத்தாயின்னு யாராவது பேரு வைப்பாங்களா? மொதப் பிள்ள, அதான் இந்தப் படத்துல வெள்ள வெளேர்னு இருக்கே, அதுக்கு வச்ச பேரு அது. பிள்ள செத்ததும் துக்கம் தாங்காம எங்கிருந்தோ ஒரு பிள்ளையக் கொண்டாந்து அதே பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அக்காவுக்கு எடக் கைப் பழக்கம், எங்க வம்சத்துல யாருக்கும் அது கெடயாது. அந்த வருசம் பொங்கலுக்கு வந்தப்ப சாப்பிடும்போது எதிர்க்க உக்காந்து காதப் பாத்தேன். எங்க யாருக்கும் அப்படி ஒட்டுன காது இல்ல. என்னடா என் காதையே பாக்குறன்னு கேட்டுச்சு. கம்மல் நல்லா இருக்குன்னேன்.

இந்திராணி, இவ்வளவு கொடையிறதுக்கு நேரா அக்காகிட்டயே கேக்க வேண்டியதுதானன்னா. அக்காவுக்கு என்ன தெரியும்? அது கைப்பிள்ளையா வந்திருக்கும். சரி, சின்னம்மாகிட்டக் கேளுங்கன்னா. சின்னம்மா அந்தப் படத்துலயே நிக்குது. செத்த பிள்ளைக்குப் பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டு எழுபது வருசமா மூச்சு விடாத ஆளு, நான் கேட்டதும் சொல்லிரவா போகுது? கூட்டுக் களவாணி சார் அது. அப்படித்தான் நெனச்சேன்.

அதனால யார்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கல. ரெண்டு வருசம் நெஞ்சுக்குள்ளயே வச்சிருந்தேன். அக்கா போன் பண்ணும், தம்பி சாப்பிட்டியா, பிரசர் மாத்திர போட்டியான்னு. நானும் பதில் சொல்லுவேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், இவங்க யாரு, இவங்க யாருன்னு. எங்கம்மா கடைசி அஞ்சு வருசம் அக்கா வீட்டுலதான் கெடந்துச்சு. அக்காதான் குளிப்பாட்டி விட்டுச்சு, அக்காதான் ஊட்டி விட்டுச்சு. பெத்த மகன் நான் இருக்க, அம்மா அங்க போய்க் கெடந்ததுகூட எனக்கு அப்ப வேற மாதிரித் தெரிஞ்சுச்சு. உண்மை வெளிய வந்துரும்னு அம்மாவத் தன்கிட்டயே வச்சுக்கிட்டாங்களோன்னு.

இத உங்ககிட்டச் சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்கு.

நாலு மாசத்துக்கு முன்னாடி மச்சான் போயிட்டாரு, அக்கா வீட்டுக்காரரு. நல்ல மனுசன். எழவுக்குப் போனேன், தெருக்கோடியில ஊராளு மாதிரி நின்னேன், வந்துட்டேன். பதினாறாம் நாளு இந்திராணி சீல எடுக்கலாமான்னு கேட்டா. எடுக்க வேணாம்னேன். அவ என்னய ஒரு பார்வ பாத்தா. அவ மட்டும் விசேசத்துக்கு உள்ள போனா, நான் தெருமொனை டீக்கடையில உக்காந்துக்கிட்டேன்.

சடங்கு நேரம் வந்துருச்சு. அக்கா மகன், எம் மருமகன், நாப்பது வயசு ஆளு, டீக்கடைக்கே தேடி வந்துட்டான். மாமா, அம்மா குளிச்சு ஈரத்தோட உக்காந்திருக்கு, நீங்க வந்தாத்தான் மேக்கொண்டு நடக்கும்னான். கடையில ஆறேழு பேரு இருந்தாங்க. அத்தன பேரு முன்னாடி நான் சொன்னேன் சார்.

"கூடப் பொறந்தவன் போட வேண்டிய கோடிப்பா அது. நான் யாரு?"

அவன் வேட்டியக்கூட மடிச்சுக் கட்டாம அப்படியே திரும்பி நடந்தான். நான் ரெண்டாவது டீ சொன்னேன்.

உள்ள நடந்தத இந்திராணிதான் ஒரு வாரங்கழிச்சுச் சொன்னா. அந்த ஒரு வாரம் அவ எங்கிட்டப் பேசல. மருமகன் திரும்பிப் போனதும் பொம்பளைங்க எல்லாம் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்திருக்காங்க. பங்காளி வீட்டுல ஒருத்தரு நான் போடுறேன்னு வந்திருக்காரு. அக்கா வேணாம்னு கையக் காட்டிட்டு, தானே எந்திரிச்சுப் போயி பீரோவத் தொறந்து எங்கம்மாவோட பழைய சுங்குடிச் சீல ஒண்ண எடுத்துக்கிட்டு வந்துச்சாம். இதுவும் எங்க பொறந்த வீட்டுச் சீலதான்னு சொல்லித் தன் கையாலயே தன் தோள்ல போட்டுக்கிச்சாம்.

அதக் கேட்டும் நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாத்தியா, எப்படிச் சமாளிக்குதுன்னு நெனச்சேன்.

நேத்து சாயங்காலம் நிலக்கோட்டையில இருந்து சின்னம்மா போன். எம்பத்தேழு வயசுக் கொரலு, ஆனா அதட்டல் மட்டும் அப்படியே இருக்கு. வெள்ளைத்தாயிக்கு நீ கோடி போடலையாமுல்ல, நாளைக்குக் காலையில இங்க வாடான்னு வச்சிருச்சு. சரி, விசாரணைய முடிச்சுருவோம்னு நானும் படத்தத் துண்டுல சுத்திக்கிட்டு முதல் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன்.

சின்னம்மா கட்டில்ல உக்காந்திருந்துச்சு. நான் நலம் விசாரிக்கக்கூட இல்ல. படத்த மடியில வச்சேன். இந்தப் பிள்ள எப்பச் செத்துச்சுன்னு கேட்டேன். கேள்வியில்ல அது, குத்தப்பத்திரிக.

சின்னம்மா படத்தப் பாத்துச்சு, என்னயப் பாத்துச்சு. மறுபடி படத்தப் பாத்துச்சு. அப்புறம் கட்டில் குலுங்கச் சிரிச்சுச்சு. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. தண்ணி வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு, தண்ணி நிக்கல.

"பொம்மைடா அது. ஸ்டூடியோக்காரன் பொம்மை."

நான் நம்பல. நம்புவேனா? ஒரு பொம்மைய எதுக்கு மடியில வச்சுப் படம் எடுக்கணும்னு கேட்டேன். அதுக்குச் சின்னம்மா சொன்னது என் மண்டையில ஏற ரொம்ப நேரமாச்சு. மூணு பேரா நின்னு படம் எடுக்கக்கூடாதுன்னு நம்ம வீடுகள்ல இன்னைக்கும் சொல்லுவாங்கல்ல, நடுவுல நிக்கிறவங்க போயிருவாங்கன்னு. சித்திரத் திருவிழாவுக்குத் திண்டுக்கல்லுக்கு வந்தவங்க, ஆம்பளைங்கள மாட்டுச் சந்தையில விட்டுட்டு, இந்த மூணு பேரும் திருட்டுத்தனமா ஸ்டூடியோவுக்குள்ள நொழஞ்சிருக்காங்க. உள்ள போனப்புறம்தான் மூணு பேருங்கிறது ஒறச்சிருக்கு. யாரும் நடுவுல நிக்க மாட்டேங்கிறாங்க. ஸ்டூடியோக்காரருக்கு இது பழகுன கத. மூணு பேரா வர்றவங்களுக்குன்னே உள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்ம வச்சிருந்தாராம், சட்ட தொப்பியெல்லாம் போட்டு, திஷ்டிப்பொட்டு வச்சு. அத எடுத்தாந்து, இந்தா நாலாச்சு, இப்ப உக்காருங்கன்னாராம்.

ஆதாரம் கேட்டேன் சார். எம்பத்தேழு வயசுக் கெழவிகிட்ட ஆதாரம் கேட்டேன். சின்னம்மா கோவப்படல. தலமாட்டுல இருந்த டிரங்குப் பெட்டியத் தொறக்கச் சொல்லுச்சு. அதுல சின்னம்மா கல்யாணமான புதுசுல எடுத்த படம் ஒண்ணு, 1956. சின்னம்மா, சித்தப்பா, சின்னம்மாவோட மாமியா. மூணு பேரு. மாமியா மடியில ஒரு பிள்ள. அதே சட்ட, அதே தொப்பி, அதே மைப்பொட்டு. ரெண்டு வருசமா அந்தப் பிள்ள வளரவே இல்ல.

நான் பாத்தது எல்லாமே சரி சார். ஆடாத பிள்ளதான். வரைஞ்ச கண்ணுதான். உசுரு இல்லாததுதான். ஒண்ணுகூட நான் தப்பாப் பாக்கல.

அம்மா ஏன் அத அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு கேட்டேன். அப்பத்தான் சின்னம்மா கொரல் எறங்குச்சு.

"உங்கம்மாவுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருசம், வயித்துல ஒண்ணும் தங்கல. இந்தா நிக்கிறாளே குருவம்மா, சாட பேசியே கொல்லுவா. பொம்மைய யாரும்மா வச்சுக்கிறீங்கன்னு அந்த மனுசன் கேட்டாரு. நாங்க ரெண்டு பேரும் வேற பக்கம் பாத்தோம். உங்கம்மாதான் கைய நீட்டுனா. படம் எடுத்து முடிஞ்சும் அவ குடுக்கலடா. ரெண்டு தடவ கேட்டாரு. மூணாவது தடவ நான்தான் வெரலப் பிரிச்சு வாங்கிக் குடுத்தேன். மறுவருசம் வெள்ளைத்தாயி பொறந்தா. அந்தப் பொம்ம உக்காந்த எடத்துலதான் எம் பிள்ள வந்து உக்காந்துச்சுன்னு அவ சாகுற மட்டும் நம்புனா."

வெள்ளைத்தாயிங்கிறது யாரு பேருன்னு கேட்டேன். எனக்கும் உங்கம்மாவுக்கும் அப்பத்தா பேருடா, அவளும் கறுப்புத்தான், எடக் கைக்காரின்னுச்சு. நான் படத்தத் துண்டுல சுத்திக்கிட்டு எந்திரிச்சேன்.

நிலக்கோட்டக் கடவீதியில ஒரு சீல எடுத்தேன். நேரா வத்தலக்குண்டுக்குப் போனேன். அக்கா முருங்கக்கீர உருவிக்கிட்டு இருந்துச்சு. நெத்தியில ஒண்ணுமில்லாம அது மொகத்த நான் பாக்குறது அதுதான் முதல் தடவ. வாடா, சாப்பிட்டியான்னுச்சு. எல போட்டுச்சு, ரெண்டு பொரியல், கொழம்பு, வத்தல், அப்பளம். ஒத்த ஆளுக்கு எதுக்கு இத்தன? நான் வர்றது எப்படித் தெரியும்? சின்னம்மா போன் பண்ணியிருக்கும். அதையும் நான் கண்டுபிடிச்சுட்டேன், பாருங்க.

சாப்பிட்டுக் கைகழுவிட்டு எல்லாத்தையும் சொன்னேன். கண்ணு, வெரலு, வருசம், காது, டீக்கடையில நான் சொன்ன வார்த்த, எதையும் மறைக்கல. அக்கா கீரைய உருவிக்கிட்டே கேட்டுச்சு. நான் கடைசியா, மடியில இருக்கிறது நீ இல்லக்கா, பொம்மன்னு சொன்னேன். எழுபது வருசமா தன் படம்னு நெனச்சதப் பிடுங்குறோமேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

"பொம்மன்னு எனக்கு எட்டு வயசுலயே தெரியும்டா."

யாரு சொன்னாங்கன்னு கேட்டேன்.

"யாரு சொல்லணும்? பாத்தா தெரியாதா?"

பதினெட்டு வருசம் ஸ்குவாடுல இருந்தவன்கிட்டச் சொல்லுது சார் இத. அப்ப எதுக்கு வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் நான்தான் நான்தான்னு காட்டுனன்னு கேட்டேன். அக்கா அப்பத்தான் கீரைய விட்டுட்டு நிமிந்துச்சு.

"அப்படிச் சொல்றப்ப அம்மா மொகம் எப்படி மலரும்னு நீ பாத்திருக்கியா? நீ படத்தத்தான்டா பாத்த. அம்மாவ நான் பாத்தேன்."

அப்புறம் இன்னொண்ணு சொல்லுச்சு. கோவமாச் சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பேன். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லடா"ன்னு மட்டும் சொல்லுச்சு.

சீலைய எடுத்து நீட்டுனேன். அக்கா தொட்டுப் பாத்துச்சு, கரைய விரிச்சுப் பாத்துச்சு, கலர் நல்லா எடுத்திருக்கன்னுச்சு. ஆனா இத எங்கடா போர்த்துறது, கோடி ஒருதடவதான், நான் அம்மா சீலையப் போட்டுக்கிட்டேனேன்னு திருப்பி நாற்காலியில வச்சிருச்சு. எனக்கு அழுக வந்துருச்சு சார். அத மறைக்கிறதுக்காக ஏதாவது பேசணுமேன்னு, உனக்காவது பொம்மப் படம் இருக்கு, எனக்கு அதுகூட இல்லையேன்னேன்.

உன்னயும் ஒருதடவ எடுத்தாங்கன்னுச்சு அக்கா. அப்ப எனக்கு ஒண்ணர வயசாம். அப்பா, அம்மா, அக்கா, நான், நாலு பேரு, பொம்ம தேவப்படல. ஸ்டூடியோக்காரரு கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டதும் நான் எறங்கி ஓடிப் போயித் துணியத் தூக்கிப் பாத்தேனாம், உள்ள என்ன பண்றாருன்னு. ரெண்டு தடவ. மூணாவது தடவ அம்மா என்னயத் தூக்கி அக்கா மடியில போட்டு, விடாமப் பிடிச்சுக்கன்னு சொல்லுச்சாம். அந்தப் படம் எங்கன்னு கேட்டேன். எங்கயாவது கெடக்கும்னுச்சு. நான் கெளம்பும்போது நாற்காலியில சீல இல்ல. அக்கா உள்ள எடுத்து வச்சிருச்சுன்னு நெனச்சேன். கொஞ்சம் மனசாறுச்சு.

தொண்ட காஞ்சுபோச்சு. இருங்க, பையில தண்ணி பாட்டில் இருக்கு.

இது என்ன சார் இது.

சீல. நான் எடுத்துட்டுப் போன அதே சீல. பைக்குள்ள வச்சிருக்கு, எனக்குத் தெரியாம. நான் கைகழுவப் போனப்பவா? இல்ல, செருப்பு மாட்டும்போது பைய நான் வச்சுக்கிறேன்னு வாங்குச்சு, அப்பத்தான். எவ்வளவு நைசா...

மடிப்புக்குள்ள என்னமோ விறைப்பா இருக்கு. படம். சின்னப் படம். பாருங்க சார், நீங்களும் பாருங்க. இது எங்கப்பா. இது அம்மா. இது அக்கா, ரெட்டச் சட, ஒம்பது வயசு இருக்கும். மடியில... மடியில ஒண்ணுமில்லையே. பொகை மாதிரி ஒரு கலங்கல். மொகம் இல்ல, கையி காலு இல்ல. ஆடியிருக்கேன். எல்லாரும் தெளிவா இருக்காங்க, நான் ஒருத்தன் மட்டும் ஆடியிருக்கேன். அந்தக் கலங்கலச் சுத்தி அக்காவோட ரெண்டு கையப் பாருங்க. அந்தக் கை ரெண்டும் அசையவே இல்ல. வெரலு ஒவ்வொண்ணும் தெரியுது, எடக் கை மேல இருக்கு. அந்த வயசுல என்னா பிடி பிடிச்சிருக்கு.

இப்ப எனக்கு ஒண்ணு வெளங்கல. சீலையத் திருப்பி வச்சதுக்கு என்ன அர்த்தம்? இனிமே இந்தப் பக்கம் வராதங்கிறதா? அப்ப இந்தப் படத்த ஏன் உள்ள வைக்கணும்? படம் குடுக்குறதுன்னா சும்மா குடுக்கலாமே, சீல மடிப்புல எதுக்கு? மன்னிச்சுட்டேங்கிறதா? இல்ல, நான் இப்படிப் பிடிச்சேன், நீ விட்டுட்டன்னு காட்டுறதா? எத வச்சுச் சொல்றது? பாத்தா தெரிய மாட்டேங்குதே சார். எம்புட்டுப் பாத்தாலும் தெரிய மாட்டேங்குதே.

கொஞ்சம் எந்திரிக்கிறேன், வழி விடுங்க. இல்ல, திண்டுக்கல் வரைக்குந்தான் டிக்கெட்டு, ஆனா நான் இங்கயே எறங்கிக்கிறேன். அக்காகிட்டயே போய்க் கேட்டுர்றேன். இந்தச் சட்டத்த ஒரு கை பிடிச்சு எறக்கி விடுங்க சார்.

சார், இது செம்பட்டிதான? வத்தலக்குண்டு போற வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?